அண்ணன் முறைக்காரன்: ஒரு நாவலுக்கான கணக்கு

வசதிக்காகச் செய்துவைத்த ஒரு கல்யாணம். அதற்கு முன்பே முளைத்து, ஆயுசு முழுக்க வாய் திறக்காத ஒரு காதல். நாவல் எழுத உட்காருகிறவர்களில் பலர் எப்போதாவது ஒருமுறை இந்த விதையைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். நூறு பக்கம் தாண்டியதும் பெரும்பாலும் படுத்துவிடும். எழுதுகிறவருக்குக் காதல் மேல்தான் ஆசை. கல்யாணம் அவருக்கு வழியில் கிடக்கும் பாறாங்கல். ஆனால் கதை முப்பது நாற்பது வருடம் நடப்பது அந்தக் கல்யாணத்துக்குள்ளேதான். காதலர்கள் இருவரும் ஒரே இடத்தில் இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு பகல் பொழுது தேறாது. அந்த ஒரு பகலை முந்நூறு பக்கத்துக்கு இழுத்தால் நீர்த்துப்போகாமல் என்ன செய்யும்?

முதலில் அளவைப் பேசிவிடலாம். 72,000 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெமி புத்தக அளவில் சுமார் 300 பக்கம். இதில் இருவரும் நேருக்கு நேர் வரும் காட்சி ஏழு போதும். ஒவ்வொன்றும் 1,500 சொல்லைத் தாண்ட வேண்டாம். மொத்தம் 10,500, அதாவது ஏழில் ஒரு பங்கு. இதற்கு மேல் போனால் ரகசியம் என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை. ஊரில் யாருக்கும் தெரியாமல் இருபது தடவை சந்தித்தார்கள் என்று எழுதினால், ஊர் என்றால் என்ன என்று எழுதுகிறவருக்குத் தெரியவில்லை என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

பொதுவாகப் பேசினால் கை கால் இல்லாமல் போய்விடும். ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம். இடம் மாயவரம், அதைச் சுற்றிய காவிரிக் கிராமங்கள். காலம் 1961 முதல் 1996 வரை. ஒரு மிராசுக்கு இரண்டு பெண்கள், ஆண் வாரிசு இல்லை. மூத்தவள் கமலத்தைக் கட்டிக்கொடுக்கும்போது 2 வேலி நிலத்தை மஞ்சள்காணியாக அவள் பேருக்கே எழுதிவைத்தார். 1 வேலி என்பது ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். ஆக, பதின்மூன்று ஏக்கர் சொச்சம். 1961இல் கமலம் இரண்டு வயதுப் பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோகிறாள். மறுவருடம் இளையவள் தனத்தை அதே மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கிறார்கள். அவளுக்கு 19, அவருக்கு 31.

"குழந்தைக்குத் தாய் வேண்டாமா" என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும், அதுவும் உண்மைதான். அடியில் இன்னொரு கணக்கு ஓடுகிறது, அது எழுதுகிறவர் கையில் துல்லியமாக இருக்க வேண்டும். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் சம பங்காகப் போகும். கமலத்துக்குக் குழந்தை ஒன்றுதான். ஆக 1 வேலி மாப்பிள்ளைக்கு, 1 வேலி அந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு, அதையும் கார்டியனாகப் பார்த்துக்கொள்வது அவர்தான். நாளைக்கு அவர் வெளியே ஒருத்தியைக் கட்டினால் தாத்தா எழுதிவைத்த நிலத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி களம் பார்ப்பாள். அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராதது இதனால். இதை ஒரு அத்தியாயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், பட்டா, சிட்டா, வாய்க்கால் முறை என்று பேச்சோடு பேச்சாக வைத்துவிட்டால் போதும். கொடுமைக்கார அப்பா தேவையே இல்லை. நியாயமான அப்பா செய்கிற காரியம்தான் முப்பது வருடம் உறுத்தும்.

கல்யாணத்தை எந்த மாதம் வைப்பது? டெல்டாவில் தாராளமான கல்யாணம் தை அறுப்புக்குப் பிறகுதான். கையில் நெல்லும் காசும் இருக்கும். ஆனால் 1962 பிப்ரவரித் தொடக்கத்தில் எட்டு கிரகம் மகரத்தில் கூடுகிறது என்று நாடே பயந்து கிடந்தது. அந்தத் தையில் முகூர்த்தம் வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். ஆவணியில் வையுங்கள். அறுப்புக்குக் காத்திராமல், நடவு வேலைக்கு நடுவே, இருபது இலை போட்டு முடித்த கல்யாணம் என்றாலே அது எப்படிப்பட்டது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். நகை புதிதாகச் செய்யவில்லை, அக்காவுடையதுதான். சுமங்கலியாகப் போனவளுக்குச் சேலை வைத்துப் படைப்பார்கள். சில வீடுகளில் பூவாடைக்காரி என்பார்கள். படைத்த சேலையை வீட்டுப் பெண் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலையைத் தனம் கட்டிக்கொண்டு நிற்கட்டும். நிறம் முக்கியம், பின்னால் தேவைப்படும்.

தமிழில் இந்தக் கதைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பலரும் அதைப் பயன்படுத்துவதில்லை. உறவுச் சொற்கள். தனம் அவரைப் பத்து வயதிலிருந்து "அத்தான்" என்று கூப்பிட்டவள். கல்யாணத்துக்குப் பிறகும் அத்தான்தான். சொல் மாறவில்லை, சொல்லுக்குள் இருந்த மனிதர் மாறிவிட்டார். குழந்தைக்கு அவள் "சித்தி". அம்மாவின் தங்கைக்கும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவிக்கும் சித்தி. கல்யாணத்துக்கு முதல் நாளும் மறுநாளும் அந்தக் குழந்தை அதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் வந்து காலைக் கட்டும். இதற்குமேல் விளக்கம் எழுதினால் கெடும். ஆனால் அவர் அவளை இதுவரை "ஏ குட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார் அல்லவா, அது மட்டும் நின்றுபோகும். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவர் ஆறு மாதம் பெயர் சொல்லாமலே "இஞ்ச பாரு" என்று ஓட்டுவதை எழுதுங்கள். வசதிக் கல்யாணத்தின் முதல் வருடம் அதில் வந்துவிடும்.

கணவரைப் பற்றிப் பேசும்போதுதான் கை நடுங்கும். அவரைக் குடிகாரராக்குவது, கை நீட்டுகிறவராக்குவது, வேறு தொடுப்பு வைப்பது எல்லாம் சோம்பேறித்தனம். அவர் கெட்டவர் என்றால் தனம் ஏன் காதலை மறைக்கிறாள் என்பது பயமாகச் சுருங்கிவிடும். அவர் நல்லவர், ஆனால் சுவாரசியம் இல்லாதவர்; நிலத்தில் மட்டும் உயிர் வருகிறவர். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்தபோது ஊருக்கு முன்னால் போட்டுப் பார்த்தவர் என்று வையுங்கள். யூரியா மூட்டையைப் பிரித்து மோந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவரோடு வாழ்கிறவளுக்கு வெறுக்கக் காரணம் கிடைக்காது. பத்தாவது வருடம் அவர் காய்ச்சலில் படுக்கும்போது அவள் நிஜமாகவே பயப்படுவாள். அந்தப் பயம் வந்த நாள்தான் நாவலின் நடுப்புள்ளி. கல்யாணம் அன்று கணக்கிலிருந்து கழன்று வேறொன்றாகிறது, அவளுக்கே தெரியாமல்.

சரி, அந்த இன்னொருவன். இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். தடைக்கு ஆயுள் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். வறுமை தடை என்றால் பத்து வருடத்தில் அவன் சம்பாதித்துவிடுவான். அப்பா தடை என்றால் அப்பா இறந்துவிடுவார். சாதி அத்தனை சீக்கிரம் கரையாது. ஆனால் வேறு சாதிக்காரன் அவள் புகுந்த வீட்டுக்குள் வந்து போகவே வழியில்லை, ஏழு காட்சியும் பஸ் ஸ்டாண்டில்தான் நடக்கும். 1976 வரை இருவரும் சம்மதித்துப் பிரிய இந்துத் திருமணச் சட்டத்தில் இடமே இல்லை என்பது சரிதான், அதற்குப் பிறகு? முப்பத்து நாலு வருடம் தாங்குகிற தடை எது, அதே சமயம் அவனை வீட்டுக்குள் விடுகிற உறவு எது? இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கதை ஓடும்.

அண்ணன் முறை. சேது அவளுக்குப் பங்காளி வீட்டுப் பையன். ஒரே குலதெய்வம். தலைமுறை எண்ணினால் ஓட்டனுக்கு அப்பனில் போய்த்தான் இரண்டு குடும்பமும் சேரும். ரத்தமெல்லாம் நீர்த்துப்போய் வெறும் முறை மட்டும் மிச்சம். ஆனால் ஊருக்கு அவன் அண்ணன். அதை மீறி வாயைத் திறந்தால் வருவது எதிர்ப்புகூட இல்லை, அருவருப்பு. அதனால்தான் இருவரும் திறக்கவில்லை. தனத்துக்கு உடன்பிறந்தவன் கிடையாது என்பதால் எல்லாச் சடங்கிலும் சகோதரன் இடத்தில் நிற்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். தடையே நுழைவுச் சீட்டாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே கோத்திரத்துக்குள் மணம் செல்லாது என்ற தடையை 1946லேயே நீக்கிவிட்டார்கள். 1955 இந்துத் திருமணச் சட்டம் சபிண்ட உறவில், அதாவது நெருங்கிய ரத்த உறவில், மணத்தைத் தடுக்கிறது. தந்தை வழியில் ஐந்து தலைமுறை, தாய் வழியில் மூன்று, தன்னையும் ஒன்றாக வைத்து எண்ண வேண்டும். சேதுவும் தனமும் சேர்கிற மூதாதை ஆறாவது. சட்டப்படி ஒரு தடையும் இல்லை! இருபது வயதில் இருவருக்கும் இது தெரியாது. எண்பதுகளில் நிலத் தகராறு ஒன்றுக்காக வரும் வக்கீல் குமாஸ்தா, வேறு யாருடைய கல்யாணத்தையோ பற்றி வெற்றிலை மடித்துக்கொண்டே, "ஆறாந் தலைமுறைன்னா தாராளமா பண்ணலாமே, கோர்ட்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகட்டும். தனம் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அந்த அத்தியாயத்துக்கு அவ்வளவு போதும்.

காதல் எங்கே முறிந்தது என்பதற்குப் பழைய இலக்கணம் ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. அறத்தொடு நிற்றல், அதாவது மறைத்த காதலை வீட்டாருக்கு முறையாகத் தெரிவிப்பது. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையனிடமும். இந்தச் சங்கிலி முழுசாக ஓடினால் களவு என்கிற மறைவுக் காதல் கற்பு என்கிற மணவாழ்க்கையாகிவிடும், கதை முடிந்துவிடும். உங்கள் நாவலில் அது எந்தக் கண்ணியில் அறுந்தது என்று முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள். நம் கதையில் முதல் கண்ணியிலேயே. தனம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்கா, அவள் போய்விட்டாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தும் விழுங்கிவிட்டாள் என்றால் அது வேறு நாவல். அதில் வில்லி பிறந்துவிடுவாள். அகப்பாட்டில் மலை வரும், கடல் வரும், நாரை வரும், ஆள் பெயர் வராது. அதையும் எடுத்துக்கொள்ளலாம்: 300 பக்கத்தில் தனம் ஒரு இடத்திலும் சேது என்ற பெயரை உச்சரிக்கவே வேண்டாம். அவளுக்கு அவன் எப்போதும் "அண்ணன்". ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று படிப்பவருக்குத் தெரியும்.

ரகசியத்தை முறைக்கு வெளியே ஒளிக்கக் கூடாது, முறைக்குள்ளேயே ஒளிக்க வேண்டும். தோப்பு, மொட்டை மாடி, சினிமாக் கொட்டகை எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். ஓமத்தின் முன்னால் பொரியை அள்ளி மணப்பெண் கையில் இடுவது பெண்ணின் சகோதரன். மூன்று தடவை. நூறு பேர் பார்க்க அவன் கை அவள் கைக்கு மேல் நிற்கும், அவள் கைக்குக் கீழே அத்தானின் கை இருக்கும். 1966இல் அவள் பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பிள்ளை வீறிட்டுக் கத்தும், அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பான், அவள் எதிரே நின்று சர்க்கரையை நீட்டுவாள். இந்த இரண்டு காட்சியையும் சடங்கின் ஒழுங்குப்படி, ஒரு உணர்ச்சிச் சொல்கூட இல்லாமல் எழுதிப் பாருங்கள். "அவன் மனம் துடித்தது" என்று ஒரு வரி சேர்த்தால் சடங்கு செய்கிற வேலையை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள்.

கடிதமும் அப்படியே. திருட்டுத்தனமாகக் கடிதம் வருவது கூட்டுக் குடும்பத்தில் நடக்காத காரியம். தபால்காரர் திண்ணையில் நின்று பெயரைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஆனால் அண்ணன் தங்கைக்கு இன்லண்டு லெட்டர் போட யார் கேட்பார்கள்? பிள்ளையார் சுழி, தேதி, "அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொண்டது, நலம், நலமறிய அவா" என்று தொடங்கி, மழை, விலைவாசி, மாப்பிள்ளைக்கு நமஸ்காரம். அதை உரக்கப் படித்துக் காட்டுவது அத்தானாக இருக்கட்டும். தனத்துக்கு எழுத்து சரளமாக வராது என்று வைத்தால் ஆயிற்று. தன் காதலனின் கடிதத்தை அவள் ஆயுசு முழுக்கக் கணவனின் குரலில்தான் கேட்கிறாள். மறைபொருள் ஏதும் வேண்டாம். "நேத்து இங்கே நல்ல மழை, நம்ம கொல்லைக் கிணறு ஞாபகம் வந்தது" போன்ற ஒரு வரி போதும். குறியீட்டு எண், எழுத்து விளையாட்டு எல்லாம் துப்பறியும் கதைக்கு.

இனி ஒரு பொருள். எல்லா நாவலிலும் ஒரு பொருள் வந்துவிடுகிறது: டைரி, போட்டோ, காய்ந்த பூ. சேது ரயில்வேயில் புக்கிங் கிளார்க். அவன் கையில் இருப்பது அட்டை டிக்கெட். கட்டைவிரல் நீளம், அதில் பாதி அகலம், தடித்த அட்டை. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிக் கட்டு, வரிசை எண் அச்சாகியிருக்கும். டிக்கெட்டை உருவி, தேதி அடிக்கும் இரும்பு மிஷினில் ஒரு தட்டுத் தட்டி, கம்பிக் கூண்டின் ஓட்டை வழியாக நீட்டுவான். கல்யாணத்தன்று காலை பொரி இட்டுவிட்டு, மதியம் ஷிப்டுக்கு வந்து உட்கார்ந்தவனிடம்தான் மாப்பிள்ளை வீட்டார் டிக்கெட் வாங்க வருகிறார்கள். பதினோரு டிக்கெட். கடைசி எண் 0416. அவர்கள் போனதும் 0417ஐ உருவி அதே தேதியை அடித்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறான்.

இதை எழுதும்போது இரண்டு இடத்தில் சறுக்கலாம். ஒன்று, அந்தக் காலத்தில் பயணம் செய்தவர் டிக்கெட்டை இறங்கும் ஸ்டேஷன் கேட்டில் கொடுத்துவிட வேண்டும். ஆகவே தனத்திடம் 0416 இருக்க முடியாது. அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள் என்று எழுதிவிட்டால் ரயில்வேக்காரர் ஒருவர் புத்தகத்தை மூடிவிடுவார். இரண்டு, புக்கிங் கிளார்க் டிக்கெட்டைச் சும்மா எடுக்க முடியாது. ஷிப்டு முடிவில் ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் கழித்து, கட்டணத்தால் பெருக்கி, கல்லாவோடு சரிபார்ப்பார்கள். குறைந்தால் கைக்காசு. ஆகவே அவன் அந்தப் பணத்தைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கல்லாவில் போட்டான் என்பதையும் எழுத வேண்டும். எழுதினால் அது அழகான ஒரு வரி. எழுதாவிட்டால் அவன் திருடன்.

சேதுவைக் கல்யாணம் செய்துகொள்ளாத விரதக்காரனாக்க வேண்டாம். கட்டைப் பிரம்மச்சாரிக் காதலன் படிப்பவரின் கண்ணீரை ஏமாற்றி வாங்குகிறவன். அதோடு, ரயில்வேயில் நிரந்தர வேலையில் இருக்கும் பையனை ஊர் விட்டுவைக்குமா? அவனுக்கு மனைவி இருக்கட்டும். தனத்துக்கு அவள் அண்ணி. ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒருவருக்குத் தெரிந்தால் ரகசியத்துக்கு வலு, இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது வம்பு.

அவளுக்கு எப்படித் தெரிய வேண்டும்? 1974 மே 8 முதல் 27 வரை நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தம். ஆயிரக்கணக்கில் கைது செய்தார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றிய இடங்களும் உண்டு. சேது உள்ளே போய்விட, அண்ணி சாமானைக் கட்டுகிறாள். பீரோத் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் ஓட்டை போடாத ஒரு அட்டை டிக்கெட். பன்னிரண்டு வருடம் பழசு. புக்கிங் கிளார்க்கின் பெண்டாட்டிக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: தேதி அடித்திருக்கிறது, ஓட்டை இல்லை, யாரோ காசு கொடுத்தும் பயணம் செய்யவில்லை. ஊர்ப் பெயரைப் பார்க்கிறாள். தேதியைப் பார்க்கிறாள். திரும்ப அதே காகிதத்துக்கு அடியில் வைக்கிறாளா, எடுத்துக்கொள்கிறாளா? சாமானோடு எடுத்துக்கொண்டு போவாள் என்பது என் யோசனை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவள் போய்த் தங்குகிற வீடு தனத்தின் வீடு. வேறு போக்கிடம் இல்லை. அத்தான் வாசலிலேயே, "மச்சான் வர்ற வரைக்கும் இது உங்க வீடு" என்று இரண்டு மூட்டை நெல்லைப் புழுங்கப் போடச் சொல்வார். இரண்டு பெண்களும் ஒரே அடுப்படியில் அந்த நாட்களைக் கழிக்கிறார்கள். நாவலின் நீளமான பகுதி இதுவாக இருக்கட்டும். 8,000 சொல் வரை போகலாம். டிக்கெட்டைப் பற்றி ஒரு பேச்சும் இருக்கக் கூடாது. ஒருநாள் தனம் பெட்டியைத் திறந்து மடிப்புக் கலையாத கத்தரிப்பூச் சேலையை வெயிலில் போடும்போது அண்ணி, "இது எப்ப எடுத்தது?" என்பாள். "எங்கக்காவுக்குப் படைச்சது. கல்யாணத்தன்னைக்குக் கட்டுனேன், அப்புறம் கட்டல." அவ்வளவுதான்.

அத்தானுக்கு எதுவும் தெரியுமா என்ற கேள்வியை நாவல் தொடவே கூடாது என்பது என் கட்சி. அவரும் சேதுவும் நெருங்கிய மச்சான்களாக இருப்பதுதான் கனமான விஷயம்.

காலக்கணக்குக்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள். வருடம், தமிழ் மாதம், ஒவ்வொருவர் வயது, யார் உயிரோடு இருக்கிறார்கள், வீட்டில் என்ன அடுப்பு, ஊர்ப் பெயர் என்ன. பேச்சில் கடைசி வரை மாயவரம்தான். ஆனால் 1982க்குப் பிறகு அரசாங்கக் கடிதத்தில் மயிலாடுதுறை. 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு கதை முடியும் வரை நாகப்பட்டினம். 1969க்கு முன் விலாசத்தில் தமிழ்நாடு என்று போட்டால் தப்பு. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான். 1962இல் கையில் இருப்பது நயா பைசா. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்து, புது நகை 14 காரட்டுக்கு மேல் கூடாது என்றார்கள். அந்தச் சமயத்தில் நடக்கும் எந்தக் கல்யாணத்திலும் புதிதாக நாற்பது பவுன் செய்து போட்டதாக எழுத வேண்டாம். கதையை 1996க்கு அப்பால் நீட்டினால் சேது ஓய்வு பெறும் வருடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது: 1998 மே மாதம் மத்திய அரசு ஊழியர் ஓய்வு வயதை 58லிருந்து 60 ஆக்கினார்கள். அவன் 1940 மார்ச்சில் பிறந்திருந்தால் 1998 மார்ச்சில் வீட்டுக்கு வந்துவிடுவான். ஜூன் என்றால் 2000 வரை வேலையில் இருப்பான். இரண்டு வருடம் இப்படி எழுத்தாளருக்குத் தெரியாமல் காணாமல்போகும்.

"காலம் உருண்டோடியது" வேண்டவே வேண்டாம். விறகடுப்பு பம்ப் ஸ்டவ்வாகி, பிறகு கேஸ் வரும். 1977 நவம்பர் 12 நாகைப் புயலில் சம்பா மொத்தமும் படுக்கும். தங்கை வீடு என்ன ஆயிற்று என்று பார்க்க அண்ணன் சைக்கிளில் வருவது நியாயம்தானே? எண்பதுகளின் நடுவில் மாயவரம் – தரங்கம்பாடி ரயில் நின்றுபோகும். அதோடு அவன் ஸ்டேஷனில் அவள் வந்திறங்கும் வாய்ப்பும் போகும். காலம் இப்படித்தான் இவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

பேச்சு நடை குறித்து ஒன்று மட்டும். 1970இல் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடியானவப் பெண் "நான் உங்களோடு வாழ்ந்தேன், ஆனால் உங்களுக்காக வாழவில்லை" என்ற மாதிரி பேச மாட்டாள். அது மேடைப் பேச்சு. "செத்த இருங்க, தண்ணி கொண்டாறேன்" என்பாள். அதே போல, "நீ சந்தோஷமா இருக்கியா?" என்ற கேள்வியை எந்த வரைவில் பார்த்தாலும் அடித்துவிடுங்கள். சேது கேட்கக்கூடியது "கொல்லைப் பக்கம் வேலி போட்டாச்சா?"

மணிவிழாவைத் தவறவிடாதீர்கள். அத்தான் பிறந்தது பிரஜோற்பத்தி வருடம், 1931. அறுபது சுற்றி அதே பிரஜோற்பத்தி 1991இல் வருகிறது. திருக்கடையூர் பக்கத்தில்தான், முன்பு என்றால் ரயிலிலேயே போயிருக்கலாம், இப்போது வேன். மறுபடி மாலை, மறுபடி தாலி. முதல் தடவை யாரும் தனத்தைக் கேட்கவில்லை. இந்தத் தடவை கமலத்தின் பெண், "சித்தி, வச்சுக்கலாமா?" என்று கேட்கிறாள், அவள் யோசித்துத் தலையாட்டுகிறாள். பிறந்த வீட்டுச் சீராகப் புடவை வேட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு சேது வருவான், முடி நரைத்திருக்கும். காதல் தோற்றது என்றோ கல்யாணம் ஜெயித்தது என்றோ எழுதத் தோன்றும். தட்டில் என்னென்ன இருந்தது என்று எழுதுங்கள்.

1996இல் அத்தான் இறக்கிறார். தடை என்று படிப்பவர் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று போய்விட்டது. இனி என்ன என்று பக்கத்தைப் புரட்டுவார். ஒன்றும் இல்லை, அவன் அண்ணன். கருமாதிக்குப் பிறந்த வீட்டுக் கோடி போக வேண்டும். அண்ணியும் சேதுவும் ஜவுளிக்கடைக்குப் போகிறார்கள். சேது உள்ளே வராமல் வாசலில் குடையோடு நின்றுவிடுகிறான். எதற்கு என்று கேட்டுக்கொண்டு கடைக்காரர் வெளிறின நிறமாக இறக்கிப் போடுகிறார். அண்ணி அவற்றை ஒதுக்குகிறாள். தானே அலமாரியைப் பார்த்து விரல் நீட்டி ஒன்றை எடுக்கச் சொல்கிறாள், கத்தரிப்பூ. "கருமாதிக்கும்மா" என்று கடைக்காரர் மறுபடி சொல்கிறார். "தெரியும், போடுங்க." பணத்தை அவள் சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுக்கும்போது அந்தப் பழைய அட்டை டிக்கெட்டும் நோட்டுகளோடு வந்து, அவள் அதை உள்ளே தள்ளிவிடுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அத்தியாயத்தை நிறுத்துங்கள். பந்தலில் அந்தச் சேலையைத் தனத்தின் தோளில் போர்த்தியது யார் என்று எழுத வேண்டியதில்லை. முறைப்படி யார் என்று தமிழ் வாசகருக்குத் தெரியும்.